எந்தப் போர்ப் படத்தை நம்பலாம்?

‘சேவிங் பிரைவேட் ரயன்’ முடிந்து திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மகன் திரும்பி, “மாமா, இது நெஜமாவே நடந்துச்சா?” என்று கேட்டான். தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருந்த நான், யோசிக்காமல் “ஆமாம்டா” என்றேன். மறுநாள் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கதையில் பாதி நடக்கவே இல்லை. அவனைக் கூப்பிட்டுத் திருத்திச் சொன்னேன். அவன் விடவில்லை. “அப்போ எந்தப் படத்தைத்தான் நம்பறது?”

கல்லூரியில் வரலாறு எடுக்கப்போகிற பையன். விடுமுறையில் மூன்று படம் பார்க்க நேரம் இருக்கிறதாம், பட்டியல் வேண்டுமாம். நல்ல போர்ப் படம் எது என்று கேட்டிருந்தால் பத்துப் பெயரை மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். நம்பத்தக்க படம் எது என்றதும் நின்றுவிட்டேன். ஒரே சம்பவத்தைப் பற்றி எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வழி தெரியும் என்று தோன்றியது. இரண்டு வாரம் அதைத்தான் செய்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் வருகிற தவறுகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. டாங்கியின் மாடல் மாறிப்போனால் விவரம் தெரிந்தவர்களுக்கு உறுத்தும், அவ்வளவுதான். இல்லாத ஒரு சிப்பாயைக் கற்பனை செய்வதை நான் தவறாகவே நினைக்கவில்லை, அவனைச் சுற்றியிருக்கும் உலகம் சரியாக இருந்தால் போதும். ஆனால் ஒருவர் உயிரைக் கொடுத்துச் செய்த காரியத்தை இன்னொருவர் கணக்கில் எழுதினால், அதை என்னால் மன்னிக்க முடியாது. இந்தத் தராசில்தான் எல்லாப் படங்களையும் நிறுத்தேன்.

முதலில் நார்மண்டி. 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸ் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள். இதற்கு இரண்டு படங்கள்: 1962இல் வந்த ‘தி லாங்கஸ்ட் டே’, 1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’.

‘ரயன்’ படத்தில் வரும், நார்மண்டியில் அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கடற்கரைச் சண்டை ஏறக்குறைய 24 நிமிடம் ஓடும். அந்த 24 நிமிடத்துக்கு இணையாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. படகின் முன்கதவு விழுந்ததும் முன்வரிசை அப்படியே சரிகிறது. பக்கவாட்டில் குதித்தவர்களை முதுகுச் சுமையே கடலுக்கடியில் இழுத்துக்கொள்கிறது. இரண்டுமே அன்று நடந்தவை. துப்பாக்கிகளின் மேல் சுற்றியிருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீரும் மணலும் புகாமல் இருக்க அன்று சிப்பாய்களுக்கு நிஜமாகவே அந்த உறையைக் கொடுத்திருந்தார்கள். குண்டு மழைக்கு நடுவில், நடுங்குகிற விரல்களால் அதைக் கிழித்தால்தான் சுட முடியும். இப்படி ஒரு சின்ன விஷயம் அந்தக் காலையைப் பற்றிச் சொல்வதை ஒரு அத்தியாயம் படித்தாலும் தெரிந்துகொள்ள முடியாது. ஒமாஹாவில் மட்டும் அன்று அமெரிக்கத் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 2000க்கு மேல். படத்தில் வருகிற பகுதியில் முதலில் இறங்கிய 116வது ரெஜிமென்ட்டின் ஏ கம்பெனி சில நிமிடங்களுக்குள் சிதைந்துபோனது. படம் எதையும் மிகைப்படுத்தவில்லை.

கடற்கரையைத் தாண்டியதும் பிடி தளர்கிறது. மூன்று அண்ணன்கள் இறந்துவிட்டதால் நான்காவது மகனைத் தாயிடம் சேர்க்க ஒரு சிறு படை எதிரிப் பகுதிக்குள் போகிறது என்பதுதான் கதை. இதற்கு விதை போட்டது நைலண்ட் சகோதரர்களின் கதை. நால்வரில் இருவர் நார்மண்டியில் அடுத்தடுத்த நாட்களில் செத்தார்கள். எட்வர்ட் பர்மாவில் காணாமல் போயிருந்தார், அவரும் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். மிச்சமிருந்த ஃபிரிட்ஸ் என்ற பாராசூட் வீரரை ஊருக்கு அனுப்பினார்கள். அவரைத் தேடி எந்தச் சிறு படையும் போகவில்லை. ஃபிரான்சிஸ் சாம்ப்சன் என்ற ராணுவப் பாதிரியார் அவரைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தார். அப்புறம் இன்னொரு விஷயம்: எட்வர்ட் சாகவில்லை. ஜப்பானியர் சிறையில் ஒரு வருடம் கிடந்து, 1945இல் உயிரோடு திரும்பினார். அந்தத் தாய்க்கு ஒருவருக்கு இரண்டு பேராக மகன்கள் மிஞ்சினார்கள். படம் சொல்லாத இந்த முடிவு படத்தின் முடிவைவிட என்னை அதிகம் உலுக்கியது.

கிளைமாக்ஸ் நடக்கிற ரமேல் என்ற ஊரே கிடையாது. அங்கே உறுமிக்கொண்டு வரும் ஜெர்மன் டைகர் டாங்கிகள் அந்த நாட்களில் கான் நகரப் பக்கம் பிரிட்டிஷ் படைகளை எதிர்த்துக்கொண்டிருந்தன. அமெரிக்கர்கள் பக்கம் அவை இல்லை. படப்பிடிப்பில் ஓடியவை சோவியத் டி-34 டாங்கிகளுக்கு டைகர் வேஷம் போட்டவை. இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை கடற்கரையிலேயே இருக்கிறது. படம் காட்டும் பகுதிக்கு அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிவந்த படகுகளை ஓட்டியவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். படத்தில் அவர்கள் இல்லை. மூன்று மணி நேரப் படத்தில் பிரிட்டிஷ்காரர்களைப் பற்றி வருவதெல்லாம் தளபதி மாண்ட்கோமரி மேல் ஒரு குத்தல் பேச்சு மட்டுமே.

‘தி லாங்கஸ்ட் டே’ அதற்கு நேர் எதிர். கறுப்பு வெள்ளை. ரத்தம் அநேகமாகக் கிடையாது. அடிபட்டவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாடகத்தில் விழுகிற மாதிரி விழுகிறார்கள். 27 வயது பட்டாலியன் தளபதி வேண்டர்வூர்ட் வேடத்தில், ஐம்பதைத் தாண்டிய ஜான் வெய்ன் நடிக்கிறார். இன்று பார்க்கிற பையனுக்கு முதல் அரை மணி நேரம் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாள் முழுவதையும் நான்கு பக்கத்திலிருந்தும் காட்டிய படம் அது ஒன்றுதான். ஜெர்மானியர் ஜெர்மனில் பேசுகிறார்கள், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சில் பேசுகிறார்கள். 1962இல் இது சாதாரண முடிவு இல்லை. ஆங்கிலம் பேசாத எதிரியை மனிதனாகக் காட்ட அன்றைய ஹாலிவுட் தயங்கிய காலம் அது.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. நள்ளிரவு தாண்டியதும் கிளைடர்களில் வந்து பெகசஸ் பாலத்தைப் பிடிக்கிற பிரிட்டிஷ் மேஜர் ஜான் ஹோவர்டாக நடித்தவர் ரிச்சர்ட் டாட். அதே இரவில், அதே பாலத்தைக் காக்க உதவிக்கு வந்த 7வது பாராசூட் பட்டாலியனில் நிஜமாகவே குதித்தவர் அவர். நிஜ ஹோவர்டை அந்தப் பாலத்தில் சந்தித்தவர், 18 வருடம் கழித்து ஹோவர்டாகவே அங்கே வந்து நிற்கிறார். அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பார்க்கும்போது இது நடிப்புதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இந்தப் படத்திலும் என் தராசு நோகிற ஒரு இடம் உண்டு. புவாண்ட் து ஓக் செங்குத்துப் பாறையில் அமெரிக்க ரேஞ்சர்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள். மேலே போனால் பீரங்கிகள் இல்லை. இவ்வளவும் வீணா என்ற தொனியில் காட்சி முடிகிறது. நடந்தது வேறு. பீரங்கிகளை ஜெர்மானியர்கள் உள்ளே நகர்த்தி மறைத்து வைத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் லியோனார்ட் லோமெல், ஜேக் கூன் என்ற இருவர் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, இரும்பையே உருக்கும் தெர்மைட் குண்டு வைத்துச் செயலிழக்கச் செய்தார்கள். ஏறிய 225 பேரில் இரண்டு நாள் கழித்துச் சண்டை போடும் நிலையில் இருந்தவர்கள் 90 பேர் அளவில்தான். அவர்கள் வேலை வீண் என்று படம் பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. இருந்தாலும் மொத்தக் கணக்கில், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ‘லாங்கஸ்ட் டே’தான். அங்கே நின்றவன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய ‘ரயன்’ படத்தின் முதல் அரை மணி நேரம்.

அடுத்து பேர்ல் ஹார்பர், 1941 டிசம்பரில் ஜப்பான் திடீரென்று தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம். இந்த விஷயத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 1970இல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’ படத்தை அமெரிக்கத் தரப்பும் ஜப்பானியத் தரப்பும் தனித்தனி இயக்குநர்களை வைத்து எடுத்து இணைத்தன. போர் அறிவிப்புக்கு இணையான செய்தியை வாஷிங்டனில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தில் தட்டச்சு செய்து முடிக்கத் தாமதமானதால், அது அமெரிக்கர் கையில் போய்ச் சேர்வதற்குள் குண்டு விழுந்துவிட்டது. பழக்கமில்லாத ஒரு அதிகாரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற காட்சியைப் பார்க்கும்போது நமக்கு வியர்க்கும். கடைசியில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோ சொல்கிற, தூங்கிக்கொண்டிருந்த பூதத்தை எழுப்பிவிட்டோம் என்கிற புகழ்பெற்ற வசனத்தை மட்டும் நம்ப வேண்டாம். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. 2001இல் வந்த ‘பேர்ல் ஹார்பர்’ படத்தில் அந்தக் காலையில் விமானம் ஏறிப்போன இரண்டு நாயகர்களுக்கு முன்மாதிரியாக டெய்லர், வெல்ச் என்ற நிஜ விமானிகள் இருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே இருவரை டோக்கியோ மேல் குண்டு போடவும் அனுப்பி, சக்கர நாற்காலியிலிருந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை மந்திரிகள் முன்னால் எழுந்து நிற்கவும் வைத்துவிட்டார்கள். வேண்டாம்.

அடுத்தது நீர்மூழ்கிகள். இங்கேதான் என் கோபம் எல்லாம் இருக்கிறது.

2000இல் வந்த ‘யு-571’ படத்தில் அமெரிக்க மாலுமிகள் 1942இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் ஏறி, எனிக்மா ரகசியக் குறியீட்டு இயந்திரத்தைக் கைப்பற்றுகிறார்கள். விறுவிறுப்பான படம்தான், நானும் திரையரங்கில் கைதட்டினேன். பிறகு படித்தேன். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏழு மாதம் முன்பே, 1941 மே 9 அன்று, பிரிட்டனின் ‘புல்டாக்’ கப்பலிலிருந்து போன சிறு குழு யு-110 நீர்மூழ்கிக்குள் இறங்கி எனிக்மாவை எடுத்து வந்தது. முதலில் ஏணியில் இறங்கியவர் டேவிட் பால்ம், வயது 20. உள்ளே யாராவது காத்திருக்கிறார்களா, வெடிமருந்துக்குத் திரி பற்றவைத்திருக்கிறதா என்று எதுவும் தெரியாது.

அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் நடந்தது இதைவிடக் கனமானது. ‘பெட்டார்ட்’ கப்பலின் ஆட்கள் மூழ்கிக்கொண்டிருந்த யு-559க்கு நீந்திப் போனார்கள். டோனி ஃபாசன், காலின் கிரேசியர் இருவரும் உள்ளே இறங்கி, குறியீட்டுப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கி மேலே அனுப்பியவன் டாமி பிரவுன். கப்பல் கேன்டீனில் வேலை செய்த பையன், வயது 16, வயதை மறைத்துக் கடலுக்கு வந்தவன். நீர்மூழ்கி சட்டென்று அடியில் போனது. ஃபாசனும் கிரேசியரும் அதோடு போனார்கள். பிரவுன் மட்டும் தப்பினான். அவர்கள் எடுத்துக் கொடுத்த புத்தகங்களால்தான், பல மாதங்களாகத் திணறிக்கொண்டிருந்த, பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க் ஆட்களால் அந்த டிசம்பரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் செய்திகளை மறுபடி படிக்க முடிந்தது.

இந்த இரண்டு பிணங்களின் மேல் இன்னொரு நாட்டுக் கொடியைப் போர்த்திய படம் ‘யு-571’. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரச்சினை எழுந்தது, பிரதமர் டோனி பிளேரும் இது அவமதிப்பு என்பதை ஒப்புக்கொண்டார். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் ஏயர் சில வருடம் கழித்து வருத்தம் தெரிவித்தார். படத்தின் முடிவில் உண்மைக் கைப்பற்றல்களைப் பற்றி எழுத்தில் போடுகிறார்கள் என்பதும் சரிதான். ஆனால் எழுத்து ஓடும் நேரத்தில் எத்தனை பேர் இருக்கையில் இருப்பார்கள்?

1981இல் வந்த ‘தாஸ் பூட்’ ஜெர்மன் படம். யு-96 என்ற நீர்மூழ்கியில் போர்ச் செய்தியாளராகப் போன லோதார்-குந்தர் புக்ஹைம் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. நிஜ யு-96இன் தளபதி லேமன்-வில்லன்பிராக் ஆலோசகராக இருந்தார். 67 மீட்டர் நீளக் குழாய்க்குள் ஐம்பது பேர் அளவில் வாரக்கணக்கில் வாழ்வது எப்படி என்பதை அந்தப் படம் மூக்கில் நாற்றம் ஏறுகிற அளவுக்குக் காட்டும். இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றில் உணவு மூட்டைகளை அடைத்து வைத்திருப்பார்கள். சாப்பிட்டுத் தீர்ந்தால்தான் இரண்டாவது கழிப்பறை கிடைக்கும். கூரையிலிருந்து தொங்கும் ரொட்டியில் பூஞ்சை படர்கிறது. ஒருவன் காவலுக்கு எழுந்தால் அவன் சூடு ஆறாத படுக்கையில் அடுத்தவன் படுக்கிறான். நடிகர்களின் முகம் வெளிறிப்போக வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பு மாதங்களில் அவர்களை வெயிலில் விடவில்லை.

இதிலும் பொய் உண்டு. படத்தின் முடிவில் பிரெஞ்சுத் துறைமுகத்தில் விமானத் தாக்குதலில் படகு மூழ்குகிறது. நிஜ யு-96 அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் தப்பித்து, 1945 மார்ச்சில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் குண்டுவீச்சில் மூழ்கியது. புக்ஹைமுக்கே படம் பிடிக்கவில்லை. படகின் அமைப்பைப் பாராட்டினார், நடிகர்கள் தேவைக்கு மேல் கத்துகிறார்கள் என்று திட்டினார். படகில் நாஜி கொள்கையில் ஊறியவன் என்று ஒரே ஒரு அதிகாரியை மட்டும் காட்டியிருப்பது எனக்கும் நெருடுகிறது. மற்ற எல்லோரும் கொள்கை எதுவும் இல்லாத பாவப்பட்டவர்கள் என்பது வசதியான சித்திரம். ஆனாலும் இந்தப் படம் யாருடைய செயலையும் திருடவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்று முதல் காட்சிக்கு முன்பே சொல்லிவிட்டு, ஏன் திரும்பவில்லை என்பதைக் கடைசிவரை காட்டுகிறது.

மன்னிக்க முடியாத தவறுகளில் இன்னொரு வகையும் இருக்கிறது: ஆட்களை இல்லாமல் ஆக்குவது. 1940இல் பிரான்ஸின் டன்கர்க் கரையில் ஜெர்மானியரிடம் சிக்கிய நேச நாட்டுப் படைகளிலிருந்து 3,38,226 பேரைக் காப்பாற்றிய கதையை 2017இல் வந்த ‘டன்கர்க்’ சொல்கிறது. ஒலியும் பதற்றமும் அபாரம். அன்று மீட்புக்குப் போன சிறு படகுகளில் சிலவற்றையே படப்பிடிப்புக்கும் கொண்டு வந்தார்கள். ஆனால் கோவேறு கழுதைகளோடு பிரான்ஸுக்கு வந்த இந்தியப் படையின் நான்கு கம்பெனிகளில், டன்கர்க்கில் இருந்த ஒரு ஆளைக்கூடப் படத்தில் காணோம். அதில் ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. இரண்டு வருடம் கழித்து வந்த, முதல் உலகப் போரைப் பற்றிய ‘1917’ ஒரு லாரிக்குள் பிரிட்டிஷ் சிப்பாய்களோடு ஒரு சீக்கியரை உட்கார வைத்தது. கதை நடக்கிற 1917இல் இந்தியக் காலாட்படைப் பிரிவுகள் பிரான்ஸ் போர்முனையை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, குதிரைப்படைதான் மிச்சம் இருந்தது. அதனால் இந்தக் காட்சி நம்பும்படி இல்லை என்று சிலர் சண்டை போட்டார்கள். எனக்கு இதில் கோபம் வரவில்லை. இருந்தவர்களை அழிப்பதும், இருந்திருக்க வாய்ப்பு குறைவான ஒருவரைச் சேர்ப்பதும் ஒன்றாகாது.

உயிரோடு இருப்பவரைச் சாகடிப்பதும் உண்டு. 1971 டிசம்பரில் நடந்த லோங்கேவாலா சண்டையைப் பற்றி 1997இல் வந்த ‘பார்டர்’ படத்தில் சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் வீரமரணம் அடைகிறார். நிஜ பைரோன் சிங் ராத்தோர் 2022 டிசம்பர் வரை வாழ்ந்தார். தன் சாவைத் தானே திரையில் பார்த்துவிட்டு இருபத்தைந்து வருடம் வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த இரவில் விடியும்வரை தாக்குப்பிடித்தது சுமார் 120 பேர், விடிந்ததும் இந்திய விமானப்படையின் ஹன்டர் விமானங்கள் வந்து பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கின. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் இருவர். இதை அப்படியே எடுத்திருந்தாலே மூச்சு நின்றிருக்கும்.

எல்லா இயக்குநர்களும் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்றும் இல்லை. 2016இல் வந்த ‘ஹாக்சா ரிட்ஜ்’ குறைத்துச் சொன்ன படம். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்த மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ், ஜப்பானின் ஒகினாவா தீவில் 75 பேரைப் பாறையிலிருந்து இறக்கிக் காப்பாற்றினார். படம் விட்டுவிட்ட பகுதி அதற்கப்புறம் நடந்தது. அவருக்குக் கொடுத்த விருதின் சான்றுரையிலேயே இருக்கிறது. கையெறி குண்டில் கால்கள் சிதைந்து ஐந்து மணி நேரம் கிடந்தார். தூக்க ஆள் வந்தபோது, வழியில் தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவரைப் பார்த்து, ஸ்ட்ரெச்சரிலிருந்து உருண்டு இறங்கி அவரை ஏற்றச் சொன்னார். காத்திருந்தபோது குண்டு பாய்ந்து கை எலும்பு முறிந்தது. அருகில் கிடந்த துப்பாக்கியின் கட்டையைக் கைக்கு அணையாகக் கட்டிக்கொண்டு 300 கெஜம் தவழ்ந்து போனார். போர் முழுவதிலும் அவர் ஒரு துப்பாக்கியைப் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். இதைக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, பையனுக்கு எந்த மூன்று? முதலில் ‘தி லாங்கஸ்ட் டே’, பாறை ஏறும் காட்சிக்கு முன்னால் லோமெல் கதையை நான் சொல்லிவிடுவேன். அடுத்து ‘டோரா! டோரா! டோரா!’. மூன்றாவது ‘தாஸ் பூட்’. மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு ‘தாஸ் பூட்’ மட்டும் பார்க்கச் சொல்வேன். ‘கம் அண்ட் சீ’ என்ற 1985 சோவியத் படத்தையும் மனசுக்குள் வைத்திருக்கிறேன். பெலாரூஸ் கிராமங்களை மக்களோடு சேர்த்து எரித்ததைத் தப்பியவர்களின் வாக்குமூலத்திலிருந்து எடுத்த படம். நம்பகத்தில் எதற்கும் குறைந்ததில்லை. ஆனால் அதைத் தனியாகப் பார்க்க அவனை விடமாட்டேன், இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

‘தாஸ் பூட்’ பல நீளங்களில் கிடைக்கிறது. இரண்டரை மணி நேரத் திரையரங்குப் பதிப்பில் காத்திருப்பின் பாரம் குறைந்துவிடுகிறது. 1997இல் வெளியான மூன்றரை மணி நேர இயக்குநர் பதிப்பைத் தேடி எடுங்கள். ஜெர்மன் ஒலியில், சப்டைட்டிலோடு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. மேலே எதிரிக் கப்பல் தேடிக்கொண்டே போகும், அதன் ஒலி அலை உலோகச் சுவரில் ‘டிங்... டிங்...’ என்று பட்டுத் திரும்பும். உள்ளே யாரும் பேசமாட்டார்கள், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.